குகோக் அருவியில் மால்சுக் சொன்ன பொய்

மால்சுக்குக்குப் புருஷன்மேல் பொறாமை வந்து நான் பார்த்ததில்லை. அவர் எந்தப் பொம்பளையோடு சிரித்துப் பேசினாலும், "நல்லதாப் போச்சு, வீட்டுல நச்சரிப்பாவது குறையும்" என்பாள். அவளுடைய பொறாமை அத்தனையும் ஒக்புன் என்ற ஒருத்திக்காகத்தான்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். வோன்ஜு ஊர்ச் சந்தையில் மால்சுக் கிம்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கிறாள். எதிர்வரிசையில் ஒக்புன் திரைச்சீலை தைக்கிறாள். ஒக்புனுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நூறாம் நாள் விருந்துவரை மால்சுக் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு போனவள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "இந்தப் பொடிப்பயலுக்காகவா என்னை மறந்தே?" என்று அழுதாளாம். ஒக்புன் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் மலையேறும் குழு குளிர்காலத்தில் ஒருநாள் உறைந்த அருவி பார்க்கப் போகும். அந்த வருஷம் குகோக். மால்சுக் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், ஒக்புன் பக்கத்தில் ஹேரன் உட்கார்ந்திருக்கிறாள். நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்; இலையுதிர்காலத்தில்தான் எங்களோடு சேர்ந்தாள்; எங்களுக்கு இளையவள்.

"இங்க உட்காருறீங்களா அக்கா? நான் எழுந்துக்கறேன்."

"வேணாம் வேணாம். எனக்கு வெயில் படுற பக்கம்தான் பிடிக்கும்" என்று மால்சுக் பின்வரிசையில் என் பக்கத்தில் வந்து தொப்பென்று விழுந்தாள். அன்றைக்கு வெயிலே இல்லை.

முன்னால் இருவரும் ஆரஞ்சு உரித்துத் தின்றபடி ஓயாமல் சிரித்தார்கள்.

"அப்படி என்னதான் சிரிப்போ!" என்று மால்சுக் முணுமுணுத்தாள்.

"நீயும் ஒரு சுளை கேட்டு வாங்கிக்கோயேன்" என்றேன்.

"நான் என்ன பிச்சையா எடுக்கறேன்?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோரும் காலணிக்கு அடியில் இரும்பு முள் மாட்டத் தொடங்கினோம். ஹேரனுக்கு அது புதுசு. ஒக்புன் பனியில் மண்டியிட்டு அவளுக்கு வாரை இறுக்கிவிட்டாள். தோள்வலிக்காரியான மால்சுக்குக்கு எப்போதும் அவள்தான் மாட்டிவிடுவாள். மால்சுக் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முள்ளைக் கையில் பிடித்தபடியே விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

"அடியே, வழுக்கும்டி! நில்லு!" என்று ஒக்புன் கத்தினாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கயிற்று வேலியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அருவி பாறை உச்சியிலிருந்து அடிவரை ஒரே பனிக்கட்டியாகத் தொங்கியது. நடுவில் நீலம் பாய்ந்திருந்தது. கோடரியால் கொத்திக் கொத்தி நாலைந்து பேர் அதன்மேல் ஏறிக்கொண்டிருக்க, சில்லுகள் கீழே சிதறின. ஒக்புன் கழிப்பறைக்குப் போயிருந்தாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மால்சுக் ஹேரன் பக்கம் நகர்ந்தாள்.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியல. உன் பேச்சைத் தாங்க முடியலையாம் ஒக்புனுக்கு. நிறுத்தத் தெரியாத ரேடியோன்னு சொல்றா."

எனக்கு டீ புரையேறியது. ஹேரன் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படியா அக்கா" என்றாள்.

அங்கிருந்து மலை ஏறி மேலே இருக்கும் ஒரு கிராமத்தில் சாப்பிடுவதாக ஏற்பாடு. ஹேரன் கடைசியாக, வாய் திறக்காமல் வந்தாள். மால்சுக் நினைத்தபடியே ஒக்புன் பக்கத்தில் நடந்தாள். ஆனால் ஒக்புன் அவளோடு பேசாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சாப்பாட்டுக் கடையில் அரிசிக் கள்ளும் ஓக் மரக் கொட்டையில் செய்த களியும் வந்தன. ஹேரன் நேராகவே கேட்டாள்:

"ஒக்புன் அக்கா, நான் நிறுத்தத் தெரியாத ரேடியோவாமே? என்கிட்டயே சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே."

ஒக்புன் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். ஹேரனைப் பார்க்கவில்லை, மால்சுக்கைப் பார்த்தாள்.

"ரேடியோவா? என் கல்யாணம் நிச்சயமானப்போ, மாப்பிள்ளை ஒரு ரேடியோன்னு எங்கம்மாகிட்டப் போய்ச் சொன்னவ இவதான். இத்தனை வருஷத்துல வேற வார்த்தை கிடைக்கலையாடி உனக்கு?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மால்சுக்கின் முகம் காதுவரை சிவந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன். அவகூட சிரிக்கிற மாதிரி நீ என்கூட சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நீ வந்தாலே தோள்வலி, மருமக, முட்டைக்கோஸ் அழுகிப்போச்சுன்னு புலம்பறே. எங்கேருந்துடி சிரிக்கிறது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மால்சுக் எழுந்து முற்றத்துக்குப் போனாள். ஒக்புன் அசையவில்லை. சற்றுப் பொறுத்து ஹேரன்தான் கிண்ணத்தில் கள்ளை எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு கேட்டது.

"தப்புதான். மன்னிச்சுடு" என்றாள் மால்சுக். கள்ளை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆனா, நீ நிஜமாவே ரொம்பப் பேசறே" என்றாள்.

"தெரியும் அக்கா. எங்க வீட்டுலயும் இதே புகார்தான்."

இறங்கும்போது ஒக்புன் மால்சுக்கின் காலைப் பிடித்து இழுத்து முள்ளை மாட்டிவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

இப்போது மூன்று பேரும் சேர்ந்துதான் சுற்றுகிறார்கள். தோள்வலிக்கு நல்லதென்று ஹேரன் மால்சுக்குக்கு நீச்சல்கூடச் சொல்லிக்கொடுக்கிறாள். அதனால் மால்சுக் மாறிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வாரம் சந்தையில் ஒக்புனின் போன் அடித்தது.

"யாருடி?" என்றாள் மால்சுக்.

"என் பேரன்."

"அவனுக்கென்ன, தினமும் உன்கிட்டப் பேச்சு?"