சுவர் எட்டாத கட்டில்

“டீச்சர் வேல பாக்குற பிள்ள, எலி ஓடுன சத்தத்துக்கு இம்புட்டுக் கதை கட்டுதே!” என்று என் அண்ணன் சொன்னான். கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிறவன் அவன். மலை வளைவில் வெள்ளைச் சேலை நின்றது என்று மற்ற டிரைவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு வருகிறவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். முனி, பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் “நீங்க பாத்தீகளா, இல்ல பாத்தவுகளப் பாத்தீகளா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இந்தக் கோடை விடுமுறையில், சுருளிப்பட்டியில், எங்கள் வீட்டுக்குள், மூன்று மணி வெயிலில் இது நடந்தது.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுப் பேச்சி சித்திக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். எங்கள் தெருவில் பொம்பளைகள் வாசலுக்குப் போய்க் கூப்பிட மாட்டார்கள், சுவரைத் தட்டுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு தட்டு உண்டு. என் அம்மாவின் தட்டு மூன்று, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. அவள் வெற்றிலைக்கு வைத்திருந்த பித்தளைச் சுண்ணாம்பு டப்பாவால் தட்டுவாள். பித்தளைச் சத்தம் தனியாகக் கேட்கும்.

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. கடைசி வருசம் எழுந்து நடக்க முடியவில்லை. இழுப்பு வந்தால் குரல் முனகலாகத்தான் வரும், அடுத்த வீட்டுக்குக் கேட்காது, வெந்நீர் ரெண்டு வாய் குடித்தால்தான் நெஞ்சு விடும். நான் உத்தமபாளையத்தில் விடுதியில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன், அண்ணன் ஜீப்பிலேயே கிடப்பான், அதனால் அம்மா சுவரைத் தட்டுவாள், பேச்சி சித்தி செம்பில் வெந்நீரோடு ஓடி வருவாள். எங்கள் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் ஆம்பளை இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்து தண்ணி குடுக்கிறாள் என்று, அவர் வேலை பார்க்கிற வெற்றிலைக் கொடிக்காலில் யாரோ கேலி பேசிவிட்டார்கள். அவர் ரெண்டு ஆளைக் கூட்டி வந்து கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி, அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டுவிட்டார். குமுளியில் இருந்து வந்த பலாமரக் கட்டில் அது. வண்டியில் இருந்து இறக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. மண் தரையில் அதன் நாலு காலும் பதிந்து நாலு குழி விழுந்தது. பிறகு எத்தனை தடவை சாணி போட்டு மெழுகியும் அந்தக் குழிகள் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். “சுவரு எட்டலத்தா. ஆளக் கூப்பிட்டுக் கட்டில ஒரு எட்டு நெருக்கிப் போட்டுட்டுப் போ.” பஸ் ஹாரன் கேட்டது. மறுநாள் பரீட்சை. “அய்யாட்ட சொல்லிட்டுப் போறேம்மா” என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் அம்மா செத்துப்போனாள். “தூக்கத்துலயே போயிட்டா மகராசி” என்று அய்யா எல்லாரிடமும் சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு அழுதேன். பேச்சி சித்தி மட்டும், “ஒரு தட்டு தட்டியிருந்தா ஓடி வந்திருப்பேனே, ஏன் என்னையக் கூப்பிடல?” என்று மாரில் அடித்துக்கொண்டாள். சுவர் எட்டவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது நடந்து மூன்று வருசம். இப்போது எனக்கு லோயர் கேம்ப்பில் பள்ளிக்கூட வேலை. மாசி மாதம் அய்யா கொடிக்காலில் விழுந்தார். வலது கை, வலது கால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் இருப்பது ஒரே கட்டில், அதில்தான் படுக்க வைத்தோம், சுவரை ஒட்டி. கோடை விடுமுறை என்பதால் நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் தைலம் தேய்த்து வெயிலில் உட்கார வைப்பது, புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று யாரோ சொல்ல அண்ணன் புறாவோடு வந்து நிற்க நான் அவனை விரட்டுவது, ரசஞ்சாதத்தைப் பிசைந்து ஊட்டுவது, இடது கையால் பந்தை அமுக்கப் பழக்குவது என்று பொழுது போனது. கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அம்மாவின் சுண்ணாம்பு டப்பாவை அவர் இடது கையில் கொடுத்தேன். வீசி எறிந்துவிட்டார். சரி என்று ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துவிட்டு டப்பாவை மாடத்தில் வைத்தேன். அவர் தட்டுவது ஆள் தட்டுவது மாதிரி இருக்காது, கதவை உடைப்பது மாதிரி இருக்கும்.

சித்திரையில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தது அய்யாவின் தங்கை, கூடலூர் அத்தை.

“மதினி இருந்திருந்தா ஒன்னைய இப்படி விட்ருப்பாகளாண்ணே?” என்று மூக்கைச் சிந்தினாள்.

“அவ குடுத்து வச்சவ. தூக்கத்துலயே போயிட்டா. ஒரு சத்தமில்ல, ஒரு கூப்பாடில்ல.”

திரும்பி வந்த பேச்சில் அய்யா முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அத்தை பஸ்சுக்குப் போன பிறகு நான் அடுப்படியில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். சுவரில் பித்தளைச் சத்தம். மூன்று, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. கை மாவோடு ஓடினேன். அய்யா வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறார். டம்ளர் தரையில் கிடக்கிறது. டப்பா மாடத்தில் இருக்கிறது. நான் அப்படியே நிற்கும்போது பேச்சி சித்தி செம்பில் வெந்நீரோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுதாரிப்பு வந்தது. செம்பு சாய்ந்து வெந்நீர் காலில் சிந்தியது, அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“தட்டு கேட்டுச்சேத்தா” என்றாள். “பழக்கதோசத்துல வந்துட்டேன்.”

நான் கட்டிலைப் பார்த்தேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் ரெண்டு பேரும் மூச்சுப்பிடித்துக் கட்டிலைத் திரும்ப நெருக்கினோம். “நீ கூட்டும்போது தள்ளியிருப்ப” என்றான். நான் ஒற்றை ஆளாக, அய்யாவையும் சேர்த்து! சிரிப்புத்தான் வந்தது. அப்போதுதான் எலிக் கதையைச் சொன்னான்.

ரெண்டாவது நாள், மூன்றாவது நாள் எதுவும் நடக்கவில்லை. நானும் எலிதான் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம் கம்பத்தில் இருந்து அய்யாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அதே பேச்சு, தூக்கத்துலயே போயிட்டா. அன்றைக்கு மூன்று மணிக்குத் தட்டு கேட்டது, கட்டில் ஒன்றரைச் சாண் விலகியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் என் பையில் இருந்தது. கட்டில் கால்களைச் சுற்றிக் கோடு போட்டேன். படித்தவள் இல்லையா, கண்ணால் பார்த்ததைக் குறித்துவைக்க வேண்டாமா? அதற்குப் பிறகு யார் வந்தாலும் பக்கத்தில் இருந்து கேட்டேன். அய்யா அந்தப் பொய்யைச் சொல்லாத நாளில் கட்டில் கோட்டைத் தாண்டவில்லை. சொன்ன நாளிலெல்லாம் நகர்ந்தது, முந்தின தடவையை விட அரைச் சாண் கூட. நாங்கள் திரும்ப நெருக்குவோம், அது திரும்ப விலகும். கோடுகள் ஒவ்வொன்றாக அந்த நாலு பழைய குழிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே நான் அவரிடம் “அந்தப் பேச்ச விடுங்கய்யா” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அடுத்து யார் பார்க்க வருவார்கள் என்று காத்திருந்தேன்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு. சின்னமனூரில் இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையோடு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அய்யாவுக்கு உற்சாகம். பேச்சும் நன்றாகவே வந்தது. “கடைசி நேரம் நாந்தான் பக்கத்துல. என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் கண்ண மூடுனா” என்றார். பொம்பளைகள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். தட்டு வந்தது. எழுந்து அறை வாசலில் போய் நின்றேன்.

கட்டில் நடு அறையில் இருந்தது. நாலு காலும் நாலு குழிக்குள். அய்யா முழித்திருந்தார். ஏதோ புரை ஏறி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையில் டம்ளரைப் பிடித்துச் சுவரைப் பார்த்து நீட்டுகிறார், நீட்டுகிறார், எட்டவில்லை. சுவரில் தட்டு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. மூன்று, நிறுத்தி ஒன்று. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, கை இல்லை. தட்டுகிற இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் துளித்துளியாக உதிர்வதை என் ரெண்டு கண்ணால் பார்த்தேன்.

பக்கத்தில் தண்ணீர்ப் பானை இருக்கிறது. எனக்கும் அதற்கும் நாலு எட்டு. நான் போகவில்லை. பயத்தில் நின்றேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். அம்மாவுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நின்றேன்.

அய்யா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துப் பேசினார்.

“கேட்டுச்சு. தண்ணி தண்ணின்னு நீ கேட்டது கேட்டுச்சு. அடுத்த ரூம்புலதான் படுத்திருந்தேன். தட்டித் தட்டி ஊரக் கூட்டுனவதான, இப்பத் தட்டு பாப்போம்னு கிடந்தேன். எந்திரிக்கல. போதும். விட்ரு.”

தட்டு நின்றது. அந்த நிமிசம் பேச்சி சித்தி செம்போடு உள்ளே ஓடி வந்தாள். என்னைத் தள்ளிவிட்டுப் போய் அவர் தலையைத் தூக்கி வெந்நீரைப் புகட்டினாள். அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. என் காதில் மட்டும்தான் விழுந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன். அய்யாவிடம் கேட்டான். “நானா? நான் என்னத்தச் சொன்னேன்? இவளுக்குத்தான் படிச்சுப் படிச்சுப் புத்தி பேதலிச்சுப்போச்சு” என்றார். அண்ணன் அவரைத்தான் நம்பினான்.

அன்றைக்கு மாடத்தில் இருந்து அந்தச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தேன். மூன்று வருசமாக யாரும் திறக்காத டப்பா. மூடி வைத்த சுண்ணாம்பு பத்து நாளில் கல்லாகிவிடும், வெற்றிலை போடுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. விரலால் வழித்த தடமும் இருந்தது. இன்றைக்கும் அது காயவில்லை. தினமும் திறந்து பார்க்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள், லோயர் கேம்ப்பில், மதியம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தட்டு கேட்டது. மூன்று, நிறுத்தி ஒன்று. நான் திரும்பவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அய்யாவை மட்டும் தேடி வரவில்லை, பஸ் ஹாரன் கேட்டு ஓடினவளையும் தேடுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

போன திங்கட்கிழமை ஒன்பது தபால் கார்டு வாங்கினேன். அய்யா அந்தப் பொய்யைச் சொன்ன ஒன்பது வீட்டுக்கும், என் கையெழுத்தில், ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன். ‘வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். அம்மா எப்படிச் செத்தாள் என்று அய்யா சொல்வார். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், என் பங்கையும் சேர்த்து.’ கம்பம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியில் போட்டேன். பேச்சி சித்திக்குக் கார்டு தேவையில்லை. அவளுக்குச் சுவரைத் தட்டினால் போதும்.

இன்று சனிக்கிழமை. காலையில் அய்யாவுக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தேன், அந்த நாலு குழிக்கும் நானே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று. முடியாது என்று தெரிந்தேதான் பிடித்தேன். நாலு ஆள் கனம் அது, மேலே அய்யா வேறு. ஆனால் லேசாக வந்தது. அடுத்த முனையை யாரோ பிடித்துத் தூக்கிக்கொடுத்தது மாதிரி, என் எட்டுக்கு எட்டு வைத்து வந்து, குழியில் சத்தமில்லாமல் இறங்கியது.

அய்யா என்னைப் பார்க்கவில்லை. கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.