வாய்விட்டுக் கத்த ஓர் இடம்

என் அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அவளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. பஸ் நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, எது புறப்படுகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், கவனிக்கிறார்களோ இல்லையோ, சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் கனிந்துவிடுவார்கள். இருபது வருஷமாக ஊரையே வழியனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் எங்கும் போனதில்லை.

பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் இரண்டிலும் பலமில்லை. அதனால் வசதியாக இருக்கட்டும் என்று மேலதிகாரிகள் பெரிய மனசு பண்ணி அவளுக்குத் தரைத்தளத்தில் அறை கொடுத்தார்கள். அறை வாசலில் இரண்டு படி வைத்துக் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, அக்காவே ஒரு பலகை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். குரல் ஏறக் கூடாது. அறிவிப்பவர் பதறினால் ஜனம் பதறும் என்பது மேலாளரின் சித்தாந்தம். ஒருமுறை மூன்றாவது தடத்துக்குப் பக்கத்துக் கடையில் தீப்பிடித்தபோதுகூட, "மூன்றாம் தடத்தின் அருகே தீ எரிந்துகொண்டிருக்கிறது, பயணிகள் சற்று விலகி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று தேன் ஒழுகச் சொன்னாள். பாதிப் பேர் அதை ஏதோ ஒரு வண்டி என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே போனார்கள்.

சரி, வேலையில்தான் அப்படி, வீட்டிலாவது கத்தலாமே என்றால் அதுவும் நடக்காது. நடக்க முடியாதவள் குரலை உயர்த்தினால் அவள் விழுந்துவிட்டாள் என்பதுதான் உலகத்தின் முடிவு. ஒரு நாள் குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கத்திவிட்டாள். மாடிவீட்டுக்காரர் கதவை உடைக்கக் கடப்பாரையோடு வந்தார். எதிர்வீட்டு அம்மாள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேவிட்டார். வந்தவர்கள் சும்மா திரும்ப மனமில்லாமல் அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார்கள். கரப்பான்பூச்சியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் தன் ஆசையைச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ ரோலர் கோஸ்டர்ல ஏறணும்டி."

"எதுக்குக்கா? வயித்தப் பொரட்டும்."

"பொரட்டட்டும். அங்க எல்லாரும் கத்துறாங்க. யாரும் ஓடிவந்து என்னாச்சுன்னு கேக்கறதில்ல. நான் வாய்விட்டுக் கத்தணும். அவ்வளவுதான்."

நான் வீட்டில் பால் பொங்கினால்கூடக் கத்துகிறவள்.

ரோலர் கோஸ்டர் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போன் போட்டு விசாரித்தோம். ஊழியர்கள் யாரையும் தொட்டுத் தூக்க மாட்டார்களாம், ஸ்கூட்டரிலிருந்து இருக்கைக்கு அவளே மாற வேண்டும். வண்டி பாதியில் நின்றுவிட்டால், பக்கத்துப் படிக்கட்டு வழியாக அவளை இறக்கிக் கொண்டுவரக் கூட ஒருவர் இருக்க வேண்டும். அவ்வளவுதானே என்று பயிற்சியில் இறங்கினோம். அக்கா ஸ்கூட்டரிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சோபாவுக்குக் கையை ஊன்றி மாறினாள். உயரம் பழக வேண்டும் என்று வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பிறகு குலுங்கலும் பழக வேண்டும் என்று மெஷினை ஓடவிடச் சொன்னாள். அவளை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கிப் பழகியது நான். என் இடுப்பு போன கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஸ்கூட்டர் என்றேன் அல்லவா, அது நாலு சக்கரத்தில் பேட்டரியில் ஓடுவது. சிவப்பு நிறம், முன்னால் பெரிய கூடை. ராத்திரி சார்ஜ் போட மறந்தால் காலையில் முறைத்துக்கொண்டு நிற்கும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் படுப்போம்.

இதெல்லாம் எங்கள் அண்ணனுக்கு எப்படித் தெரிந்ததோ! நல்லது எங்கே நடந்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். சக்கர நாற்காலியிலோ ஸ்கூட்டரிலோ வருபவருக்கு அந்தப் பூங்காவில் வரிசை கிடையாது, தனி பாஸ் உண்டு, கூட நாலு பேரை அழைத்துக்கொள்ளலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். மாதக்கணக்கில் போன் பண்ணாதவன் ஒரே வாரத்தில் மூன்று தடவை பண்ணினான். "அவளத் தனியா எப்படி அனுப்பறது? குடும்பமாப் போனாத்தானே அவளுக்கும் சந்தோஷம்?" என்று உருகினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், அக்கா சரி என்றுவிட்டாள்.

ஆக அண்ணன், அண்ணி, போனிலிருந்து தலையைத் தூக்காத அவர்களுடைய இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், அக்கா, நான் என்று ஆறு பேர். பாஸில் ஐந்து பேர்தான் போக முடியும். கணக்கு இடிக்கிறதே என்று நான் சொன்னேன். "நீ சின்னவ, அனுசரிச்சுப் போ" என்றான் அண்ணன். எனக்கு வயது நாற்பது.

பூங்காவில் அக்காவுக்கு ராஜ மரியாதை. வாசலில் ஒரு பெண் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல், "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கத்திக் கேட்டுவிட்டு ஒரு மஞ்சள் பலூனை ஸ்கூட்டரில் கட்டிவிட்டாள். வேறு பெரியவர்கள் யாருக்கும் பலூன் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி அக்கா பாப்கார்ன் வாங்கினாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், "உங்க தன்னம்பிக்கையப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்குதும்மா" என்றார். பாப்கார்ன் வாங்க எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒவ்வொரு சவாரிக்கும் எங்களை 'வெளியே' என்று எழுதியிருந்த வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். உள்வாசலில் முழுக்கப் படிகள். சுற்றிக் களைத்துத் தலை கிறுகிறுக்க வெளியே வருகிறவர்கள், எதிரே சிவப்பு ஸ்கூட்டரையும் பலூனையும் பார்த்துவிட்டு, தங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் சவாரி ராட்சத ராட்டினம். அங்கே நின்ற ஊழியர் அக்காவைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "இவங்க நடப்பாங்களா சார்?"

"எங்கங்க! அவளுக்குப் பயம்" என்றான் அண்ணன். "அவ இங்கயே இருப்பா. நாங்க நாலு பேர்."

அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அவர்கள் கைப்பைகளைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்தது தண்ணீர்ச் சவாரி. செருப்புகள், சாக்ஸுகள், அண்ணனின் பெல்ட் எல்லாம் கூடைக்கு வந்தன. "இவங்க நடப்பாங்களா?" "எங்கங்க, அவளுக்குப் பயம்." அதற்கடுத்தது சுழலும் கோப்பை. அதில் அண்ணியின் ஈரத் துப்பட்டா அக்காவின் தோள்மேல் காயப்போடப்பட்டது. தோழியின் கல்யாணத்துக்குப் போனவளைப் பந்தியில் உட்கார வைக்காமல் பாத்திரம் கழுவ வைத்த கதையாகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா வாய மூடிட்டு இருக்க?"

"விடுடி. ஏறிட்டுப் போகட்டும். எனக்கு அது ஒண்ணு மட்டும் போதும்" என்று மேலே காட்டினாள். பூங்காவின் மூலையில், எல்லாவற்றுக்கும் மேலே, ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் வளைந்து நின்றது. அங்கிருந்து கூச்சல் அலை அலையாக வந்தது. அக்கா அதைப் பசியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அங்கே போனோம். வரிசை தண்டவாளத்துக்கு அடியில் வளைந்து வளைந்து கடைசிவரை போயிருந்தது. நாங்கள் வழக்கம்போல் வெளிவாசல் வழியாகச் சரிவுப் பாதையில் ஏறினோம். மேலே நின்ற இளம் ஊழியரும் அக்காவைப் பார்த்துவிட்டு அண்ணனிடம்தான் கேட்டார்.

"இவங்க தானா ஏறுவாங்களா சார்?"

"எங்கங்க! அவளுக்கு..."

"ஏறுவேன்" என்றாள் அக்கா.

ஊழியர் திடுக்கிட்டுப் பார்த்தார், கூடையிலிருந்த செருப்பு பேசிவிட்டதுபோல. "அப்ப வண்டி நடுவுல நின்னா உங்களத் தூக்கி இறக்க ஒருத்தர் வேணும்மா" என்றார்.

அண்ணன் உடனே இடுப்பில் கையை வைத்தான். "எனக்கு முதுகுவலி. டாக்டர் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னுட்டார்." மூன்று சவாரிகளில் குலுங்கிச் சுழன்றுவிட்டு வந்த முதுகு அது.

"நான் இறக்குவேன்" என்றேன்.

"நீ வந்தா ஆறு பேராயிடும். பாஸ் அஞ்சு பேருக்குத்தான்" என்றான் அண்ணன், நான் இதே கணக்கைச் சொன்னபோது காதில் வாங்காதவன். அண்ணி பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் போனைப் பார்த்தார்கள். 'நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுவதுபோல் அக்காவிடம் சொன்னான்: "இத பாரும்மா, உனக்கு எதுக்கு இந்த ரிஸ்க்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாங்க போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு உனக்கு விளக்கமாச் சொல்றோம்."

அவனைக் கீழே தள்ளிவிடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா தோளிலிருந்த துப்பட்டாவை எடுத்து மடித்துக் கூடையில் வைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் வந்தது. மைக் இல்லை, தேவையும் இல்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வாசல் வழியாகப் பயணம் செய்பவர்கள் இருவர் மட்டும். நானும் என் தங்கையும். மற்ற பயணிகள் நால்வரும் கீழே சென்று வரிசையின் கடைசியில் நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஐயோ, பஸ் ஸ்டாண்டு அம்மா!" என்று யாரோ கூவினார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாஸ் அக்கா பெயரில் இருந்தது. ஊழியர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் கீழே போகும் வழியைக் கைகாட்டினார்.

அக்கா ஸ்கூட்டரை இருக்கையோடு ஒட்டி நிறுத்தினாள். ஒரு கையை ஊன்றினாள், மறு கையை ஊன்றினாள், உட்கார்ந்துவிட்டாள். வாஷிங் மெஷினைவிடச் சுலபமாக இருக்கிறது என்றாள். கால்களைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நானும் ஏறினேன். கம்பி எங்கள் தோளில் இறங்கியது.

வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறியது. மேலே ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. தூரத்தில் எங்கள் பஸ் நிலையத்தின் கூரை தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விழுந்தோம்.

அக்கா கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல் அது. சொல் எதுவும் இல்லை, கனிவு கொஞ்சமும் இல்லை. நாற்பது வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் புதிதாக மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினாள். எனக்குப் பயம்கூட மறந்துபோனது. சந்தோஷத்தில் அழுதேன்.

வண்டி நின்றபோது, வெளிவாசலில் அண்ணன் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான். வெறுங்கால். வரிசைக் கம்பிகளைத் தாண்டிக் குதித்து, சரிவுப் பாதை முழுக்க ஓடிவந்திருக்கிறான். முதுகுவலி எந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் அண்ணி, வரிசையில் பிடித்த இடமும் போன கோபத்தில் நின்றாள்.

"என்னாச்சு? என்னாச்சு உனக்கு? ஏன் அப்படிக் கத்தின?" அவன் முகம் வெளுத்திருந்தது. நடிப்பில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கத்தணும்னு தோணுச்சு, கத்தினேன்" என்றாள் அக்கா. "இங்க இருக்கிற எல்லாரும்தான் கத்தினாங்க. அவங்ககிட்டல்லாம் போய்க் கேட்டியா?"

"அத்தன சத்தத்துலயும் உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியதோ, காற்றோ.

"தெரியுதுல்ல? அப்ப கேட்டுக்கோ. நான் இன்னொரு தடவ போறேன். என் குரல் கேட்டா, நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஓடி வரக் கூடாது. அதுவரைக்கும் சாமானப் பாத்துக்கிட்டு இங்கயே உக்காரு."

உட்கார அங்கே மாப்பிள்ளையைத் தவிர வேறு இடமில்லை. அண்ணன் ஏறி உட்கார்ந்தான். அண்ணி ஈரத் துப்பட்டாவையும் கைப்பைகளையும் அவன் மடியில் போட்டாள். தலைக்கு மேலே மஞ்சள் பலூன் ஆடியது. கம்பி மறுபடி எங்கள் தோளில் இறங்கும்போது, ஷிப்ட் மாறி அப்போதுதான் வந்த ஊழியர் ஒருவர் ஸ்கூட்டருக்கு அருகில் போனார். அண்ணனின் வெறுங்கால்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அவன் தலைக்கு மேலாக அண்ணியிடம் கேட்டார்:

"சார் நடப்பாரா மேடம்?"

அண்ணி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"எங்கங்க! அவருக்குப் பயம்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. அக்கா அதற்குள் கத்தத் தொடங்கிவிட்டாள்.