ரப்பர் அக்கா

மேசைமேல் விரித்த வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கும்படி குனிகிறாள். பென்சில் கோடா, மைக் கோடா என்று பார்க்கிறாள். பென்சிலாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். மையாக இருந்தால் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொள்ளும். கூட்டமும் அதோடு முடிந்தது.

“மையில போட்டுக் கொண்டாந்தா முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு அர்த்தம் சார். பென்சில்ல போட்டாதான் கேக்க வந்திருக்கீங்க” என்பாள்.

காட்டின் வழியாக மின்கம்பி இழுக்கும் நிறுவனத்துக்கும், அந்தக் காட்டில் காலங்காலமாகக் குடியிருக்கும் அவளுடைய சொந்தச் சனங்களுக்கும் நடுவே நின்று பேசுவது அவள் உத்தியோகம். கழுத்தில் அடையாள அட்டை. ஓட்டை போட்டு அதே கயிற்றில் கோத்த ஒரு பென்சில் ரப்பர். அதனால் அவள் ‘ரப்பர் அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமைப் பொறியாளருக்கும் அக்காதான். அந்த ரப்பர் இதுவரை ஏழு மின்கோபுரங்களை இடம் மாற்றியிருக்கிறது. பாதி தேய்ந்தும் விட்டது.

முதல் கூட்டத்தன்று ‘திட்டத்தின் பங்காளிகளே, வருக!’ என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அதை இரண்டு தரம் படித்தாள்.

“பங்காளின்னா என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா சார்? பங்கு கேப்போம், சண்டை போடுவோம், உங்க வீட்டு விஷயத்துல எல்லாம் மூக்கை நுழைப்போம். சம்மதமா?”

பொறியாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவசரப்பட்டு ஆட்டிவிட்டோம் என்று மறுவாரமே அவருக்குப் புரிந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அலுவலகத்தில் அவள் ‘காட்டுக் கட்சி’. காட்டில் ‘கம்பெனி மருமக’. இந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். சனங்களின் சார்பில் பேச வருகிறவரும் அவரே. பதினாலாம் கோபுரம் அம்மாவைப் புதைத்த இடத்தில் வரப்போகிறது என்று காதில் விழுந்த நாள் முதல் தங்கையோடு பேச்சு இல்லை. “அங்க கம்பி வந்துச்சுன்னா நம்ம வாசல்ல உன் கால் படக் கூடாது” என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

அதைக்கூட அவள் வேடிக்கையாகத்தான் சொல்லித் திரிகிறாள். “நல்லதாப் போச்சு, அண்ணன் பிள்ளைங்களுக்கு வாங்கற பிஸ்கட்டு மிச்சம்.” சொல்லிவிட்டு, அழுக்கே இல்லாத கண்ணாடியை எடுத்துத் துடைப்பாள். மனசு வலிக்கிறது, வேறென்ன.

நேற்று விரித்தது பதினாலாம் கோபுரத்தின் வரைபடம். எதிர் பெஞ்சில் அண்ணன், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து பார்த்து நிமிர்ந்தாள்.

“மை.”

“மேலிடத்துல அவசரப்படுத்தினாங்கக்கா” என்று இழுத்தார் பொறியாளர். “ஒரே ஒரு கோடுதானே?”

“பங்காளியக் கேக்காம போட்ட கோட்டுக்கு வேலின்னு பேரு சார்.”

ஒரு கோப்பையை எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதையும் எடுத்தாள். நான்காவதில் கை வைப்பதற்குள் பொறியாளர் உள்ளங்கையால் தாளை அழுத்திக்கொண்டார். மையை ரப்பர் அழிக்காது என்று அவருக்கும் தெரியும். நான்காவது கோப்பையை நகர்த்திவிட்டு, வரைபடத்தை அப்படியே குப்புறப் புரட்டினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. நான்கு கோப்பைகளையும் தாமே மூலைகளில் வைத்துவிட்டு, ஒரு பென்சிலை அவளிடம் நீட்டினார்.

“நீங்களே போடுங்கக்கா.”

அவள் போடவில்லை. பென்சிலை மேசைமேல் அண்ணன் பக்கமாக உருட்டிவிட்டாள். கழுத்துக் கயிற்றிலிருந்து ரப்பரை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் பென்சிலை எடுத்தார். முகத்தைத் திருப்பாமலே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, தங்கைக்கு இடம் விட்டார்.