இடியப்பக்காரியின் தோள்

இடியப்பம் அவித்து விற்கிறவளுக்கு மாப் பிழிகிற உரல் தேய முன்னம் தோள் தேய்ந்துவிடும். இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எந்தத் தசைக்கு என்ன பெயர் என்று தெரியாது, ஏதாவது மாறி எழுதிவிடுவேனோ என்று யோசனை. நான் எழுதியதைப் படித்து யாராவது பாரம் தூக்கி, இருந்த தோளும் போய்விட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான். ஆகவே, தோள் நோகிற சகோதரிகளே, தூக்க முதல் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

கட்டி கட்டியாய் விழுந்தது

முதலில் தலை பின்ன முடியாமல் போனது. வலது கை காதுக்கு மேலே போகாது. எண்ணெய் பூசினேன், ஒத்தணம் கொடுத்தேன், பிழிவதை மட்டும் நிறுத்தவில்லை. பிழிகிற கை நடுவில் நின்று நின்று போனால் இழை அறுந்து, தட்டில் கட்டி கட்டியாக விழும். அப்படித்தான் விழுந்தது.

கல்லடியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குத்தான் நான் கொடுக்கிறேன். கணவர் இல்லை, மகள் படிக்கிறாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கடையால்தான். கடைக்காரரை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல், காக்கா என்போம், நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டி வரும் என்று மெல்லமாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டோக்காரத் தம்பி தட்டைக் கிளறியபடி கேட்டார்: "அக்கா, இதை அவிச்சீங்களா, செங்கல்லு மாதிரி அடிச்சீங்களா?"

எனக்கா பெலனில்லை

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பிழை இல்லை என்றார்கள். பிசியோதெரபி மிஸ் என் கையைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பினார். தோளைச் சுற்றியுள்ள தசை பெலனில்லாமல் கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கிப் பலப்படுத்த வேண்டும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மகள் பிறக்க முன்னமே உரல் அமுக்கத் தொடங்கியவள் நான். எனக்கா பெலனில்லை என்று கேட்டும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அம்மா, நீங்க அமுக்கத்தான் பழகியிருக்கிறீங்க. முன்பக்கத் தசை வேலை செஞ்சு செஞ்சு இறுகிப்போச்சு, பின்பக்கத்துக்கு நீங்க ஒரு வேலையும் குடுக்கல்ல."

பெண்கள் நேரம்

டவுனில் ஒரு ஜிம்மில் பின்னேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு நேரம் உண்டு. தனியப் போக வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு மல்லிகா மச்சாளைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அங்கே பழக்குகிறவள் ஷெரின், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. கையில் அடங்குகிற சின்ன இரும்பொன்றைத் தந்து, பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குத் தூக்கி மெல்ல இறக்கச் சொன்னாள். மறுகா குனிந்து நின்று, வாவியில் தோணி வலிக்கிறவரைப் போல் பின்னுக்கு இழுக்கச் சொன்னாள்.

எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் என் கை, நான் சொல்லாமலே, இரும்பை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இடியப்பத் தட்டுக்கு மேலே உரலைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, வேறென்ன செய்யும்? ஷெரின் பாய்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள், சுற்றினால் மூட்டுத்தான் நோகும் என்று பக்குவமாகச் சொன்னாள். மர வாங்கில் உட்கார்ந்திருந்த மல்லிகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "விடுங்க மிஸ், இன்னும் கொஞ்சத்தால இரும்பிலயும் இழை வரும்."

பின்னல்

சில மாதம் போயிருக்கும். ஒரு காலை கண்ணாடி முன்னால் நின்றவள், பின்னி முடித்த பிறகுதான் கவனித்தேன், வலது கை தலைக்குப் பின்னால் நிற்கிறது. நோவில்லை. பிசியோ மிஸ்ஸையும் ஷெரினையும் நினைத்துக் கும்பிட்டேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி இருந்தாள். "என்ட தலையையும் பின்னி விடுங்கம்மா."

சூடான மா

நோவு போனதும் எனக்குப் புத்தியும் போனது. பிள்ளை பெரியவளான ஒரு சாமத்தியவீட்டுக்குப் பெரிய ஓடர். விடியலில் இருந்து பிழிந்துவிட்டு, அதே பின்னேரம் ஜிம்முக்குப் போய்க் கனமான இரும்பை எடுத்தேன். என் கணக்கு இதுதான்: மா சூடாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிழிபடும், தோளும் சூட்டோடு இருந்தால் நன்றாகத் தூக்கும்.

பாதியில் தோள் பிடித்துக்கொண்டது. காக்காவின் முகமும் மகளின் பள்ளிக்கூடமும் ஒன்றாகக் கண்முன் வந்தன. ஷெரின் இரும்பைத் தாங்கி வாங்கினாள், என்னை இருத்தினாள், நான் அன்று பிழிந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். அவளே கூட்டிக்கொண்டு போய்ப் பிசியோ மிஸ்ஸிடம் காட்டினாள். கிழியவில்லை, களைத்துவிட்டது, அவ்வளவுதான் என்றார் மிஸ். ஆறும்வரை மல்லிகாதான் எனக்காகப் பிழிந்து தந்தாள். அந்த நன்றிக்கு என்னிடம் சொல் இல்லை. வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது ஷெரின் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "அன்ரி, தோள் மா இல்ல, சுடச்சுட வேலை வாங்க. அதை ஆற விடுங்க, ஆறக்குள்ளதான் அது பெலக்கும்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

பயந்து பயந்து காக்காவிடம் போனேன். பாரம் தூக்குகிற நாட்களில் இடியப்பத்துக்குப் பதிலாகப் புட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். புட்டு மாவைச் சின்னதாய்க் கொத்தி உதிர்க்க மணிக்கட்டுப் போதும், தோள் வேண்டாம். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, ஆள் இல்லாமல் போவதைவிட இடியப்பம் இல்லாமல் போவது நல்லது என்றார். இப்போது வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் விஷயம் தெரியும். போன கிழமை வங்கியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இண்டைக்குப் புட்டா, அப்ப அக்காக்கு ஜிம், எனக்குச் சம்பலைக் கூடப் போடுங்க காக்கா."

பிழிகிற நாளில் தூக்குவதில்லை, தூக்குகிற நாளில் பிழிவதில்லை என்று ஆனபிறகு, என் தோளில் பாதியை இரும்பும் மீதியைப் புட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.