புகை உண்டா?

திருவொற்றியூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஏழாவது படியில் மூச்சு நின்றதுபோல் ஆகி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "இன்னாடா, புதுப்பொண்ணு மாதிரி குந்திகினு கீறே?" என்றாள். என்னிடமிருந்து பதில் கிண்டல் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எண்ணூர் பக்கம் ஒரு நிலக்கரி யார்டில் நான் ஒப்பந்தக் கூலி. கரி ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் கரித்தூளை வாரி அள்ளுவது வேலை.

அக்கா இழுத்துப்போன அரசு ஆஸ்பத்திரியில், என் நோட்டில் எழுதிய பயிற்சி டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"புகை உண்டா?"

"நெறைய கீது சார். காலைலேர்ந்து சாய்ந்தரம் வரைக்கும். அல்லாம் ஓசி."

வரிசையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை.

குழாயில் ஊத வைத்தார்கள். (ஸ்பைரோமெட்ரி: நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று பார்ப்பது.) பெரிய டாக்டர் ஆஸ்துமா என்றார். (மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று போய்வரத் திணறுவது.) உறிஞ்சும் மருந்து தந்து, தூசியில் நிற்கக் கூடாது என்று அதே நோட்டில் எழுதினார். அதைக் காட்டினால் கேட் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று நம்பிப் போனேன்.

சூப்பர்வைசர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இன்னா நைனா, நீ ஊதித் தள்ளிட்டு எங்க கரி மேல பழி போடுறியா? ஸ்மோக்கர்னு டாக்டரே எழுதிக்கீறாரு."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அந்த இங்கிலீஷ் கிறுக்கலில் என் ஜோக்குதான் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நானும் அக்காவும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயிற்சி டாக்டர் வேறு வார்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்த டாக்டரம்மா, "எல்லாரும் அப்புறமா இப்படித்தான் சொல்றாங்க" என்றார். காரில் வந்து இறங்குகிறவர் சொன்னாலும் இதையேதான் சொல்லியிருப்பாரா?

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இவனுக்கு நக்கல்தான் ஜாஸ்தி. பீடி கெடயாது. அந்தப் புகை யார்டுப் புகை."

"முன்னாடி எழுதினத அழிக்க முடியாதும்மா. கீழ எழுதறேன்."

வாசித்துக் காட்டச் சொன்னேன். "புகைப்பதில்லை என்று நோயாளி கூறுகிறார்."

விளையாட்டாகச் சொன்னதை அப்படியே உண்மை என்று எழுதினார்கள். உண்மையைச் சொன்னால், 'கூறுகிறார்'. சூப்பர்வைசருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இன்னும் பெல்ட்டுக்கு அடியில்தான் நிற்கிறேன்.

இதே வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களைப் பற்றி எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இப்போதெல்லாம் ஒரு கிண்டலுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று உடம்பு முதலிலேயே பார்த்துக்கொள்கிறது. நேற்று ஏழாவது படியில் அக்கா, "இன்னாடா, மாப்ள ஊர்வலமா?" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

என் பதில் பத்தாவது படியில்தான் வந்தது.