கன்னத்தில் அடக்கிய மிட்டாய்

பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பால் பல் என்றால் என்ன, கொஞ்சம் குறைவாகவா வலிக்கிறது?

நான் ஆபீஸ் முடிந்து ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை என் ஐந்து வயது மகளைக் கீழ்வீட்டு நாத்தனார்தான் பார்த்துக்கொள்வார். தங்கமானவர். குழந்தை சிணுங்கினால் ஒரு மிட்டாய், சமர்த்தாகச் சாப்பிட்டால் ஒன்று, சும்மா இருந்தால் அதற்கும் ஒன்று. இவள் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஊறவைப்பாள்.

கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியதும் புத்தூருக்கு, பல் டாக்டரிடம் ஓடினேன். பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

"எவ்வளவு சாப்பிடுறாங்கிறது ஒரு பக்கம்மா. எந்நேரமும் இனிப்பு வாயிலேயே இருந்தா, கிருமி அதை அமிலமாக்கிப் பல்லை அரிச்சுக்கிட்டே இருக்கும். பக்கத்துப் பல்லும் ஆரம்பிச்சிருக்கு. இப்ப நிறுத்தினா காப்பாத்திடலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பஞ்சைக் கடித்தபடி அவள் விசும்பினாள். முன்சீட்டு அம்மாள் பையைத் துழாவி, "அழாத கண்ணு, இந்தா சாக்லேட்" என்று நீட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேணாங்க. இதாலதாங்க பல்லைப் புடுங்கிட்டு வரோம்."

"பச்சப் புள்ளகிட்ட இவ்வளவு கெடுபிடியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டுமே!

வீட்டில் நாத்தனாரும் அதே பாட்டைப் பாடினார். "நாங்கள்லாம் திங்காத மிட்டாயா? நீ ரொம்பத்தான் பண்ற."

"பண்றேன் அண்ணி. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டோட ஒரு லட்டு தின்னட்டும், வாயைக் கொப்பளிச்சுடலாம். மத்த நாள் கிடையாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

வேறு ஏற்பாடு என்று என் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னேன். மிச்சமிருக்கிற பல்லை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் நான் படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் மிட்டாய் டப்பாவும் கையுமாகக் குனிந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. அம்மாட்ட சொல்லாத."

என் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மறுபடி புடுங்கணும்னா, எனக்குப் பதிலா நீங்க ஊசி போட்டுக்குவீங்களா அத்தை?"

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் அந்த மிட்டாயை டப்பாவிலேயே போட்டு, மூடியை இறுக்கித் திருகினார்.