மணம் தெரியாத மூன்று புதன்கிழமைகள்

டெல்பா ஹேகன் ஏழு வாரம் முன்கூட்டிப் பிறந்தவள். ஜனவரிக் குளிரில், அடுப்புக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டியில் பஞ்சு போட்டு வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் நின்ற படிப்பை முப்பத்தாறு வயதில் பரீட்சை எழுதி முடித்தாள். கார் ஓட்டும் உரிமத்தை நாலாவது தடவையில் வாங்கினாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வரிசையில் பதினோரு வருஷம் நின்றாள். அப்புறம் கம்பெனியில் எல்லோருக்கும் வைத்த சோதனையில், மூன்று கிளாஸில் எதில் மட்டும் வேறு விஸ்கி இருக்கிறது என்று பன்னிரண்டு தடவையில் பதினோரு தடவை சரியாகச் சொல்லி, அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த ருசி மேஜையில் ஒரு நாற்காலியைப் பிடித்தாள். உட்கார்ந்த முதல் வாரமே, சவரம் செய்து வாசனைத் தண்ணீர் பூசிக்கொண்டு வந்த முதலாளியைத் திருப்பி அனுப்பி முகம் கழுவிவிட்டு வரச் சொன்னாள். இதையெல்லாம் அவளுடைய அக்கா நோரீன் தேதி பிசகாமல் சொல்வாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

முதலாளியின் பெயர் லைமன் ஆட்கின்ஸ். அவர் கம்பெனி எதையும் காய்ச்சுவதில்லை. மற்றவர்கள் காய்ச்சி ஊறவைத்த போர்பன் விஸ்கிப் பீப்பாய்களில் நல்லதாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் கலக்காமல், பீப்பாயில் இருக்கும் வீரியத்தோடு பாட்டிலில் அடைப்பார்கள். அந்த வருஷம், 2016இல், லைமன் ஏழு பீப்பாய் வாங்கியிருந்தார். ஏற்கெனவே எட்டு வருஷம் ஒரு மரப் பீப்பாயில் ஊறிய சரக்கு; அதைப் உள்பக்கம் தீயில் புதிதாக வாட்டிய வேறு ஓக் மரப் பீப்பாய்களுக்கு மாற்றி ஊறப்போட்டிருந்தார். இரண்டாம் மரம் பொல்லாதது. முதல் மரம் வருஷக்கணக்கில் செய்வதை அது வாரக்கணக்கில் செய்துவிடும். பதம் வந்த அன்றே பீப்பாயிலிருந்து இறக்கியாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் விஸ்கியை மரம் விழுங்கிவிடும்.

அதனால் புதன்கிழமைதோறும் கிடங்குக்காரர் ஹோபர்ட் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வருவார். பாதி கிளாஸுக்கு, பாதி ஒரு சின்னக் குப்பியில். குப்பியில் தேதி எழுதி அலமாரியில் வைப்பார்கள். மேஜையில் முதலில் டெல்பா முகர்வாள், ஒரு துளி நாக்கில் வைப்பாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்வாள், இன்னும் ஊற வேண்டுமானால் "பொறுக்கலாம்", பதம் வந்திருந்தால் "இறக்கலாம்" என்பாள். அதற்குப் பிறகுதான் லைமன் கிளாஸைத் தொடுவார். புத்தகத்தில் அவள் சொல்வதை அவளே எழுதுவாள். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் லைமன் கையெழுத்துப் போடுவார்.

"நீ சொன்னதுக்கு நான் ஏன் போடணும்? உன் பேரப் போடு, மிஸ் டெல்பா" என்று அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார்.

"என் பேரப் பாத்தா யாரு வாங்குவா? நீங்களே போடுங்க" என்று பேனாவை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். அவள் அதை அடக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

பிப்ரவரி 22, திங்கட்கிழமை, அவளுக்குச் சளி பிடித்தது. செவ்வாய்க்கிழமை நோரீன் வீட்டு அடுப்பில் சோள ரொட்டி கருகிப் புகை கிளம்பியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள் டெல்பா.

"ஏண்டி, வீடே எரிஞ்சாலும் தெரியாதா உனக்கு? மூக்கு எங்க போச்சு?"

"ஏதோ யோசனையில இருந்தேன்."

அக்காவிடம் சொன்ன அந்தப் பொய் வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. அடுத்த நாளுக்கு அதுவே ஒத்திகை ஆனது.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு மூக்கு மங்கியபோது, லைமன் அவரை லேபிள் வரிசைக்கு அனுப்பிவிட்டார். திட்டவில்லை, தோளைத் தட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அந்தத் தட்டலை டெல்பா வரிசையில் நின்று பார்த்திருக்கிறாள். புதன்கிழமை மேஜையில் உட்கார்ந்ததும் அதுதான் கண்முன் வந்தது.

கிளாஸைத் தூக்கினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் சூடு மட்டும் மூக்கைச் சுட்டது. நிறத்தைப் பார்த்தாள், கிளாஸில் வழியும் கோடுகளைப் பார்த்தாள், போன வாரப் பக்கத்தைக் கண்ணோரத்தில் பார்த்தாள். அங்கே அவள் எழுத்திலேயே, செர்ரி, கருகின சர்க்கரை, மரம் இன்னும் பச்சை என்று இருந்தது.

"செர்ரி இருக்கு. மரம் இன்னும் பச்சை. பொறுக்கலாம்" என்றாள்.

லைமன் கிளாஸை எடுத்து நிதானமாக முகர்ந்தார். "ஆமாமா. செர்ரி நல்லாத் தெரியுது."

மார்ச் 2ஆம் தேதியும் அப்படியே. அதற்கு மறுநாள் பெரிய மழை பெய்து கிடங்கின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றதால், ஹோபர்ட் அந்த ஏழு பீப்பாய்களையும் மூன்றாம் தளத்துக்கு ஏற்றியிருந்தார். அந்த வாரம் வெயிலும் அடித்தது. மார்ச் 9ஆம் தேதி ஐந்தாம் பீப்பாயின் துளியை வாயில் விட்டதும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூக்கு செத்திருந்தாலும் நாக்கு சாகவில்லை. அது உள்ளதைச் சொன்னது. மரம் மிஞ்சுகிறது என்று டெல்பாவுக்கும் புரிந்தது. ஆனால் போன வாரம் பச்சை என்று எழுதியதை இந்த வாரம் எப்படி மாற்றுவது? மாற்றினால் லைமன் நிமிர்ந்து பார்ப்பார், கேள்வி கேட்பார்.

"பொறுக்கலாம்" என்றாள்.

"பொறுக்கலாம்" என்றார் லைமனும்.

மார்ச் 14ஆம் தேதி காலை, நாய்க்குத் தீனி மூட்டையைப் பிரித்தபோது மாட்டுக்கொழுப்பு வாடை குப்பென்று அடித்தது. மூட்டைக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாய் அவள் முகத்தை நக்கியது. அந்த வாடையும் தெரிந்தது.

புதன்கிழமை நாக்கில் வைப்பதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஏழில் மூன்று பீப்பாய் போய்விட்டது. செர்ரியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பென்சிலைக் கடித்து மென்ற மாதிரி, பழைய தேயிலையை வடிகட்டாமல் விட்ட மாதிரி.

"மரம் தின்னுடுச்சு" என்றாள்.

லைமன் வாயில் விட்டதைத் துப்பினார். "ஒரே வாரத்துலயா? போன புதன்கூட நல்லாத்தானே இருந்துச்சு?" கிடங்குப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஹோபர்ட்! யாரக் கேட்டு மேல ஏத்தின?"

"தண்ணி நின்னுச்சு. நனைய விடவா சொல்றீங்க?"

"மேல அடுப்பு மாதிரி கொதிக்குது. வேக வெச்சுட்டியே! கிடங்குச் சாவியக் குடு."

இருபத்திரண்டு வருஷம் இடுப்பில் தொங்கிய சாவி. ஹோபர்ட் வளையத்திலிருந்து அதைக் கழற்றுவதற்கு நேரமாயிற்று. டெல்பா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள், யாரும் இல்லாத நேரத்தில் அலமாரியிலிருந்த குப்பிகளை எடுத்து வரிசையாக முகர்ந்தாள். மார்ச் 2ஆம் தேதிக் குப்பியில் அந்த மூன்று பீப்பாயும் பதத்தின் உச்சியில் இருந்தன. எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வாரம்தான் வரக்கூடிய பதம். அன்று மூக்கு இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கச் சொல்லியிருப்பாள். மேல்தளத்து வெயில் அவசரப்படுத்தியது உண்மைதான். ஆனால் மேஜை இருப்பதே அதைப் பிடிக்கத்தானே.

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் தவக்காலத்து மீன் பொரிக்கும் விருந்து. ஹோபர்ட் எப்போதும் போல எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் மீன் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்து, ஹோபர்ட், பீப்பாய வேக வெச்ச மாதிரி இதையும் வெச்சிடாத!" என்று வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். கூடம் சிரித்தது. ஹோபர்ட்டும் சிரிக்க முயன்றார்.

நோரீன் தட்டை நீட்டியபடி சத்தமாகச் சொன்னாள்: "என் தங்கச்சி மூக்கு இல்லேன்னா அந்தக் கருமத்தையும் பாட்டில்ல அடைச்சிருப்பாங்க. ஒரே மோப்பத்துல கண்டுபிடிச்சா!"

ஹோபர்ட் டெல்பாவின் தட்டில் ஒரு துண்டு அதிகமாக வைத்தார். "அக்கா சொல்றது சரிதான், மிஸ் டெல்பா. நீ பாக்கலேன்னா இன்னும் மோசமாயிருக்கும்."

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போனாள். காதுமடல் வரை சுட்டது. நோரீன் பின்னாலேயே வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

டெல்பா சொன்னாள். சோள ரொட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நோரீன் காரில் சாய்ந்துகொண்டாள். கூடத்துக்குள் தான் போட்ட சத்தம் தன் காதிலேயே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இப்பவே போய் சொல்லட்டுமா, நோரீன்?"

"அத என்னக் கேக்காத. நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே உன் மூக்கப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அதற்குப் பிறகும் ஆறு நாள் ஆயிற்று. புதன்கிழமை சாவி வேறொருவன் இடுப்பில் இருந்தது. ஹோபர்ட் வண்டியில் அட்டைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார், அறுபது வயதில். மிச்சம் நாலு பீப்பாயையும் அன்று டெல்பா இறக்கச் சொன்னாள். அருமையான சரக்கு. லைமன் அவள் முதுகைத் தட்டினார். அந்தத் தட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் புத்தகத்தையும் மார்ச் 2ஆம் தேதிக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"மூணு வாரம் எனக்கு மூக்கே இல்ல, லைமன். பழைய பக்கத்தப் பாத்துச் சொன்னேன். ஹோபர்ட் மேல தப்பில்ல. இத முகர்ந்து பாருங்க."

அவர் முகர்ந்தார். அவள் எதுவும் சொல்லித் தராமல் அவர் முகர்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். முகம் மெல்ல மாறியது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நாற்காலி போயிடும்னு."

"போயிருக்கும்தான்." குப்பியைக் கீழே வைத்தார். "ஆனா செர்ரி தெரியுதுன்னு நானும் சொன்னேனே, டெல்பா. எனக்கு என்னைக்குமே செர்ரி தெரிஞ்சதில்ல. நீ சொன்னா தெரியற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஹோபர்ட்கிட்ட சாவிய நான் குடுத்துக்கறேன். விஷயத்த நீ சொல்லு."

சொன்னாள். ஹோபர்ட் கடைசிவரை கேட்டார். "ஊரே சிரிச்சப்போ நீ பக்கத்துல நின்ன" என்று மட்டும் சொன்னார். சாவியை வளையத்தில் மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க அவளிடம் அதற்கு மேல் பேசவில்லை. அவள் அவரைக் குறை சொல்லவில்லை.

நாற்காலி போகவில்லை. இனி இருவரும் தனித்தனியாக முகர்ந்து, எழுதிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று மட்டும் லைமன் ஏற்பாடு செய்தார்.

அன்று மாலை டெல்பா புத்தகத்தைத் திறந்து, பிப்ரவரி 24, மார்ச் 2, மார்ச் 9 ஆகிய மூன்று பக்கங்களிலும் தான் எழுதியதைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள். பக்கத்தில், "மணம் தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னேன்" என்று மூன்று தடவை எழுதினாள். கடைசிக் கட்டத்தில் லைமனின் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுதாக, டெல்பா ஜுவனிட்டா ஹேகன் என்று கையெழுத்திட்டாள். அந்தப் புத்தகத்தில் அவள் முதல்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2016 மார்ச் 24, வியாழக்கிழமை.